மக்தப் விட்ட பின்னர்

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1095இல், ரஜபு மாதம் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் முதன்மை ஆசிரியருக்கு நாவெழவில்லை. மாணவர் மனம் நோகாதிருக்க ஒரு நாளேனும் பாடம் சொல்லிவிட முயன்றார். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. உணவு செரிக்கவில்லை, வலிமை குன்றியது. இது உள்ளத்தில் இறங்கிய நோய், அங்கிருந்தே உடலில் பரவியிருக்கிறது, கவலை அகன்றாலன்றி மருந்தால் பயனில்லை என்று மருத்துவர் கைவிட்டனர். அந்த ஆசிரியர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். தம் வரலாறு கூறும் ‘அல் முன்கித்’ நூலில் இதனைத் தாமே எழுதியிருக்கிறார்கள்.

அவ்வாண்டிலேயே பதவியைத் துறந்து ஷாம் நாடு சென்ற அவர்கள், அதன்பின் யாத்த ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் மூன்றாம் பகுதியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனியே எழுதினார்கள். அங்கே நம் ஆசிரியர் பலர் ஓதிக் கடந்துவிடும் ஓரிடம் உண்டு. (நாமும் இளமையில் அவ்வாறே கடந்தோம்.) மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும்; ஓதிய களைப்பு அதில் ஆறவேண்டும்; விளையாட்டே களைப்பாகிவிடவும் கூடாது என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து, ஓயாத படிப்பால் பிள்ளையை வருத்தினால் நேர்வது என்ன? உள்ளம் மரித்துவிடும், அறிவு மழுங்கும், வாழ்வு கசக்கும், முடிவில் படிப்பிலிருந்தே தப்பிக்கப் பிள்ளை சூழ்ச்சி தேடும். உள்ளத்துச் சுமையால் நா பூட்டப்பெற்ற ஒருவரின் சொல் இது. அந்த அனுபவமே இதை எழுதுவித்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அவ்வெண்ணம் எழாமல் இராது.

அந்நூலின் இரண்டாம் பகுதியில் இசை கேட்டலைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது. தொட்டிலில் அழும் குழந்தை இன்னோசை கேட்டு அடங்குகிறது. பாலையில் ஒட்டகம் ஓட்டுபவனின் ‘ஹுதா’ப் பாட்டில் சுமையை மறந்து நடக்கிறது என்று இமாமவர்கள் காட்டுகிறார்கள். அவற்றினும் மேலான சான்று நாயகத் திருமேனி (ஸல்) அவர்களின் இல்லத்திலிருந்து வருகிறது. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் அன்ஸாரிச் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்தனர். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து கடிந்தபோது, விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. சிறுமியர் எதைப் பாடினர் என்பதை நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. புஆஸ் போர்ப் பாட்டு! ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்த போர் அது. தலைவர் பலர் அதில் வீழ்ந்தனர். தம் குலத்தாரின் அந்த நினைவைச் சிறுமியர் பெருநாளில் பாட, அவர்கள் வாயை அடைக்காமல் விட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர்.

இமாமவர்கள் வரம்பு வைக்காமலில்லை. காதற்கவிதை பிள்ளைகளுக்கு ஆகாதென்றார்கள். குடிகாரர் கூட்டத்துக்கு உரியனவாயிருந்த நரம்புக் கருவிகளை விலக்கினார்கள்; தஃபை விலக்கவில்லை. இசைபற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நெடியது. அதை இங்கு விரிக்கவில்லை.

நம் வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன்; அது விட்டால் ஓதல்; அதன்பின் வீட்டுப்பாடம். இவற்றுக்கிடையே மீலாது மாதத்தில் சிறுவர் பைத்து ஓதப் பழகும் மாலைப்பொழுது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. வகுப்பில் வாய் திறவாத பையன் அங்கே குரலெடுத்து ஓதுவதைக் கண்டிருக்கிறோம். அவனைப் பாதியில் அழைத்துச் செல்லும் தந்தையரையும் கண்டிருக்கிறோம். அப்படி வந்த ஒருவரிடம் இஹ்யாவின் அந்தப் பக்கத்தைப் படித்துப் பொருள் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “பரீட்சை முடியட்டும், ஹஸ்ரத்” என்று சொல்லி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.