செயின் கழன்றால் யார் பொறுப்பு?

2010 ஜூலை 19. தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பதினைந்தாம் கட்டம். பிரெனே மலையில் போர் தெ பலேஸ் கணவாயை நோக்கி வீரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டை லக்சம்பர்க் நாட்டு ஆன்டி ஷ்லெக்கிடம் இருந்தது. உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் அவர் வேகமெடுத்துப் பாய்ந்தார். அந்த நேரம் பார்த்துச் செயின் கழன்றது. இறங்கி மாட்டி மறுபடி ஏறுவதற்குள் ஸ்பெயின் வீரர் அல்பெர்த்தோ கொன்டதோர் முன்னே போய்விட்டார். அன்று ஷ்லெக் இழந்தது 39 விநாடி. பாரீசில் பந்தயம் முடிந்தபோது அவர் பின்தங்கியிருந்ததும் அதே 39 விநாடிதான்.

கொன்டதோர் காத்திருந்திருக்க வேண்டாமா என்று பலரும் வாதாடினார்கள். காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிய எனக்கோ வேறு கேள்வி. எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் 'பொறுப்பு நிர்ணயம்'. செயின் கழன்றதற்குப் பொறுப்பு கருவியா, மெக்கானிக்கா, ஓட்டியவரா?

நம் பழைய சைக்கிளில் முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒன்று. செயின் நேராக ஓடும். தொய்ந்தால் கழலும், பின் வீலைச் சற்றே இழுத்து நட்டை முறுக்கினால் தீர்ந்தது. பந்தய சைக்கிளில் பல்சக்கரங்கள் பல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செயினைத் தள்ளும் கருவியைப் பிரெஞ்சில் 'தெராய்யர்' என்பார்கள். ரயில் தடம் புரள்வதைச் சொல்லவும் அதே வினைச்சொல்தான். தடம் புரட்டுவதே அதன் உத்தியோகம்! பின் தெராய்யர் செயினின் தளர்ந்த கீழ்ப்பகுதியைத் தள்ளுகிறது. முன் தெராய்யர் தள்ளுவதோ, மிதிக்கும் விசையில் விறைத்து நிற்கும் மேற்பகுதியை. செயின் எல்லை தாண்டாமல் தடுக்கச் சிறு திருகுகள் உண்டு. அவற்றை அமைப்பது மெக்கானிக்கின் கை. எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் கியர் மாற்றுவது என்பது ஓட்டுபவர் பாடு.

பந்தயத்தின் முதல் இயக்குநர் ஆன்ரி தெக்ராஞ்ச் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. எல்லாம் ஓட்டுபவர் தலையில்தான். 1913இல் துர்மலே கணவாயின் இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, சேன்த் மரி தெ கம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தம் கையாலேயே அதைக் காய்ச்சிச் சரிசெய்தார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் போயிற்று. துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான். பிறர் உதவி பெற்றதாக அதற்கும் அபராத நேரம் விதித்தார்கள். முறிந்த இரும்பைச் செய்தவர்களுக்கு ஒரு விநாடி அபராதமும் இல்லை.

தெராய்யரையும் தெக்ராஞ்ச் அணி வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. கியர் மாற்ற இறங்கிப் பின் வீலைக் கழற்றி, மறுபக்கமாகத் திருப்பி மாட்ட வேண்டும். அவர் விலகிய பின் 1937இல்தான் அனுமதி கிடைத்தது; அவ்வாண்டு வென்ற ரொழே லாப்பெபி தெராய்யருடன் ஓட்டியவர். வேகம் கூடியது. கூடவே, பழுது என்றால் கைகாட்ட மூன்று பேர் கிடைத்தார்கள்.

2012இல் ஊக்கமருந்து வழக்கில் கொன்டதோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்கு வழங்கப்பட்டது. செயின் விஷயத்தில் மட்டும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

அலுவலகத்தில் நான் கண்டது, பொறுப்பு எப்போதும் கீழே இறங்கிக் கடைசி ஆளிடம் போய் நிற்கும். சைக்கிளில் அந்தக் கடைசி ஆள் மெக்கானிக். ஆகவே ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன்; பேரப்பிள்ளைகளின் கியர் சைக்கிளுக்கும் இது பொருந்தும். பின் வீலைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியர் மாற்றுங்கள். அப்போதே செயின் கழன்றால் மெக்கானிக்கிடம் கேளுங்கள். செயினும் பல்லும் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் கழன்றால், பாவம், அவரைத் திட்டாதீர்கள். கியர் மாற்றும் அந்த நொடி காலைச் சற்றுத் தளர்த்தச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.