என்ன கிளை?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேடுகளில் வயலுக்கும் வயலுக்கும் எல்லையாக ஓடும் சிற்றோடையை அந்த வட்டாரப் பேச்சில் ‘சைக்’ என்பார்கள். அப்படி ஓர் ஓடைக்கரையில் குடியிருந்தவரை ஊரார் அந்த ஓடையை வைத்தே அழைத்தார்கள். அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி ‘சைக்ஸ்’ என்ற குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் மரபணு ஆராய்ந்த பிரையன் சைக்ஸ் தன் பெயரையே ஆய்வுப் பொருளாக்கினார். 2000இல் வெளியான அவருடைய கட்டுரை, சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தது. அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களிடம் ஒரே வகை இருந்தது. ஒருவருக்கொருவர் உறவென்று அறியாத இத்தனை பேரும், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஓடைக்கரைக்காரரின் ஆண்வழி வாரிசுகள் என்று சைக்ஸ் முடிவுக்கு வந்தார்.

இது கைகூடியதற்குக் காரணம் எளிது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே தடத்தில் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் 40 குடும்பப் பெயர்களையும் 1,678 ஆண்களையும் எடுத்துக்கொண்டு இதை விரிவாகச் செய்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையைச் சுட்டினார்கள். ஸ்மித் என்ற பெயரில் அப்படி எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஆகவே ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம் தனித்தனியாக முளைத்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி என்று நீளும் நம் வானம் பார்த்த சீமையில் இந்தச் சோதனையை எந்தப் பெயரை வைத்துச் செய்வது? நம்மிடம் இருப்பது இனிஷியல். அப்பா பெயரின் முதலெழுத்து நம் முன்னால் நிற்கிறது. தாத்தாவின் எழுத்து அப்பாவோடு நின்றுவிட்டது. தாத்தா பெயரைச் சுமக்கிறவன் என்பதால் பேரனைப் பெயரன் என்றார்கள், ஆனால் அது ஒரு தலைமுறை விட்டுத் திரும்பும் பெயர், வழிவழியாக ஓடும் பெயரல்ல. ராமன் விளைவில் உள்ள ‘ராமன்’ அந்த ஒரு மனிதரின் சொந்தப் பெயர். சதுரங்க வீரர் ஆனந்தை வெளிநாட்டார் ‘விஸ்வநாதன்’ என்று விளித்தபோது அவர்கள் கூப்பிட்டது அவருடைய தகப்பனாரை.

குடும்பப் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஊர் நின்றதும் உண்டு. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் 1896இல் திருவண்ணாமலைக்குப் போய் மௌனத்தில் அமர்ந்தார். ரமணர் என்ற பெயர் வருவதற்கு முன்னால், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த அன்பர் ஒருவர் விடாப்பிடியாகக் கேட்க, அவர் எழுதிக் காட்டியது ‘வேங்கடராமன், திருச்சுழி’ என்று இரண்டே சொல். ஆங்கில எழுத்தில் இருந்ததால் ‘ழி’ விளங்காமல் அன்பர் தடுமாறினார். சுந்தரர் பாடிய தலம் என்று பெரிய புராணத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. தகப்பன் பெயரையோ சாதியையோ அவர் எழுதவில்லை. தன்னை அடையாளம் காட்ட ஊர் போதுமென்று நினைத்தார்.

சாதிப் பட்டங்களைக் குடும்பப் பெயராகக் கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1929இல் சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. விட்டது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மரபணு ஆய்வுக்கும் அவை உதவுவதில்லை. லட்சக்கணக்கானவர் சுமந்த பட்டம் ஒரு மூதாதையைச் சுட்டாது. அது ஸ்மித் போலத்தான்.

நம் சீமையில் வழிவழியாக வந்த பெயர்கள் காகிதத்தில் இல்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில், காப்பி வருவதற்கு முன்னால், பெரியவர் ஒருவர் தணிந்த குரலில் கேட்பார்: “நீங்க என்ன கிளை?” பதில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமிருந்து வரும். திருநெல்வேலிச் சீமையிலும் பழைய இராமநாதபுரத்து வறண்ட வட்டங்களிலும் வாழும் கொண்டையங்கோட்டை மறவரிடம் இந்தக் கிளைமுறை விரிவாக இருக்கிறது. காவல்துறை அதிகாரியாக இருந்த ஃபாசெட் 1903இல் இதை எழுதிவைத்தார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அதை எடுத்தாண்டார். ஆறு கொத்து, கொத்துக்கு மூன்று கிளை. கொத்துகள் எல்லாம் செடியும் மரமும்: மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை. கிளைகளோ ஆட்பெயர்கள். மிளகுக் கொத்தில் வீரமுடிதாங்கினான், வெற்றிலையில் அகத்தியர், தென்னையில் வாணியன், வெட்டுவன், கமுகில் கௌதமன், ஈச்சையில் சங்கரன், பிச்சிப்பிள்ளை, பனையில் லோகமூர்த்தி, ஜாம்பவர் என்று போகிறது பட்டியல். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும். ஒரே கொத்துக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை.

கிளை என்பது பழைய சொல். மரத்தின் கொப்பையும் உறவையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ‘கிளைப்பெயர்’ என்றே ஒரு வகை வருகிறது. உமண் போன்ற குடிப்பெயர்களை உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவார்கள். சங்க நூல்களில் கிளைஞர் என்றால் சுற்றத்தார். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தில் தங்கியிருக்கும் சொல், கமுதிப் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் இன்னும் நடப்பு வழக்கில் இருக்கிறது.

நான் முக்கியமென்று கருதுவது இந்தக் கிளை இறங்கும் வழி. பிள்ளைக்குக் கிளை தாயிடமிருந்து வருகிறது. பெண் கல்யாணமானாலும் தன் கிளையை மாற்றிக்கொள்வதில்லை, தான் பெற்றவர்களுக்கும் அதையே தருகிறாள். ஆகவே ஒரு வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் ஒரு கிளை, அப்பா மட்டும் வேறு கிளை. தாய்மாமன் என் கிளை. அவர் மகளோ அவளுடைய தாயின் கிளை, அதனால் முறைப்பெண். அத்தை மகளுக்கு அத்தை கிளை, அதாவது என் அப்பாவின் கிளை, அவளும் முறை. சின்னம்மா மகள் என் கிளையே, ஆகவே தங்கை. சித்தப்பா மகளுக்குக் கிளை வேறாக இருந்தாலும் பங்காளி வீட்டுப் பெண் என்பதால் அவளும் தங்கைதான். சொத்தும் காவலும் தகப்பன் வழியில் பங்காளிகளுக்குப் போன அதே சமூகத்தில், ‘யார்’ என்ற கேள்விக்குப் பதில் தாய் வழியில் வந்தது. மறவரிடம் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல இது. தென்மாவட்டங்களின் நங்குடி வேளாளரிடமும் கிளை தாய்வழியாகவே இறங்குகிறது.

பட்டியலில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் ஆணின் பெயர்கள். ஆனால் அவற்றைச் சுமந்து கடத்தியவர்கள் முழுக்கப் பெண்கள். வீரமுடிதாங்கினான் என்ற பெயர் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வந்திருக்கிறது. அந்தக் கிளையில் பிறந்த ஆண் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

நம் உடலின் உயிரணுக்களில் இதே விதிப்படி இறங்கும் பொருள் ஒன்று உண்டு. உயிரணுக்குள் ஆற்றலை ஆக்கித்தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சிறு டிஎன்ஏ இருக்கிறது, 16,569 எழுத்துகள் கொண்டது. அதை மகனும் மகளும் தாயிடமிருந்து பெறுகிறார்கள். மகளிடமிருந்து மட்டுமே அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. லெஸ்டரில் 2012இல் தோண்டியெடுத்த எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று உறுதிப்பட்டது இதை வைத்துத்தான். அவருடைய சகோதரியின் தாய்வழி வாரிசுகளோடு அது பொருந்தியது. ஆண்வழி உறவினர் எனக் கருதப்பட்டவர்களோடு ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை என்று 2014இல் வெளியிட்டார்கள். அரச வம்சத்தின் பெயர் போன வழி எங்கோ அறுந்திருந்தது, ஆனால் தாய்வழி தொடர்ந்திருந்தது.

அதே பிரையன் சைக்ஸ் 2001இல் ‘ஏவாளின் ஏழு மகள்கள்’ என்ற நூலை எழுதினார். ஐரோப்பியரில் பெரும்பாலோரின் தாய்வழி டிஎன்ஏ ஏழு வகைக்குள் அடங்குகிறது என்று கண்டு, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு பெண்ணை வைத்து, அர்சுலா, ஹெலினா, டாரா, ஜாஸ்மின் என்று பெயர் சூட்டினார். அவராகச் சூட்டிய பெயர்கள் அவை. தாய்வழியைக் குறிக்க அந்தச் சமூகத்தில் பெயரே இல்லை. பெண் மணமானதும் அவள் பெயர் கணவனின் பெயருக்குள் மறைந்துவிடும். அங்கே ஆய்வாளர் கற்பனை செய்ய வேண்டியிருந்ததை, நம் கரிசல் காட்டுப் பாட்டிகள் ஏட்டில் எழுதாமலே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மதுரையில் மரபணு ஆய்வு நடக்காமல் இல்லை. காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் பல ஆண்டுகள் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். உசிலம்பட்டிக்கு அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தவர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் குறி கிடைத்து, ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் வழியே உலகெங்கும் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் அது என்றார்கள். அந்தச் செய்தி ஊரில் வேறு விதமாகப் பரவியது. எங்கள் சாதிதான் ஆதி என்று மேடைகளில் பேசினார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறது. எம்130 வழிவந்த குறிகள் மங்கோலியாவிலும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருக்கின்றன. எந்தச் சாதிக்கும் அது பட்டா அல்ல.

2012இல் பிச்சப்பன் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆய்வு தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளிலும் 19 பிற சமூகங்களிலுமாக 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தது. சாதி அடுக்குக்கு முன்பே, வேளாண்மை பரவிய காலத்தில், ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரிவுகள் தொடங்கின என்பது அதன் முடிவு. அருமையான வேலை. ஆனால் அது தகப்பன் வழியின் கதை. தாய்வழியில் தன்னை எண்ணிக்கொண்ட ஒரு சமூகத்தைத் தகப்பன் வழியில் மட்டும் அளந்தால் அதன் பாதிதான் தெரியும். சைக்ஸ் தன் பெயருக்குச் செய்த சோதனையை இங்கே கிளைக்குச் செய்ய வேண்டும், தாய்வழி டிஎன்ஏவை வைத்து. அகத்தியர் கிளை என்று சொல்லும் பலரிடம் ஒரே வகை மிகுந்து வந்தால், அந்தக் கிளை ஒரு பாட்டியிடமிருந்து புறப்பட்டது என்று கொள்ளலாம். பல வகைகள் கலந்து வந்தால், வெவ்வேறு இடத்துப் பெண்கள் ஒரு பெயருக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். எப்படி வந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

கொத்துப் பெயர்களும் இப்படிச் சோதிக்கத் தகுந்தவை. பனையும் ஈச்சையும் நம் காட்டு மரங்கள். மிளகும் கமுகும் இந்த மண்ணில் வராது. மேற்குமலை அடிவாரத்தோடு பழைய தொடர்பு இருந்திருக்குமோ என்று தோன்றுவது இயல்பு. பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. மிளகும் பாக்கும் சந்தைக்கு வந்த மதிப்பான சரக்கு, அவற்றின் பெயரைச் சூட்டிக்கொள்ள அவை விளையும் ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே கடல் கடந்த நம் பிள்ளைகளிடம் வேறொன்று நடக்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினார்கள். பேரப்பிள்ளைகளும் அதையே தொடர்கிறார்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ ஒரு கருப்பசாமி, யார்க்‌ஷயர் ஓடைக்கரைக்காரரைப் போல, ஒரு பரம்பரையின் பெயராக உறைந்துகொண்டிருக்கிறார். அந்தப் பெயரில் ஆண்வழி பத்திரமாகப் பதிவாகும். பாட்டியின் கிளைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஊரிலும் அதே நிலைதான். காதல் கல்யாணங்கள் பெருகி, கிளை கேட்காமலே சம்பந்தம் முடிகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, யார் யாரை மணப்பது என்று விதிக்கும் அதிகாரம் இனி கிளைக்கு வேண்டாம். பெயர் மட்டும் பதிவாக வேண்டும். ஆங்கிலக் குடும்பத்தில் மகன் இல்லாவிட்டால் பெயர் நின்றுபோகும். இங்கே பெண்பிள்ளை இல்லாத வீட்டில் கிளை நின்றுபோகிறது, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் அந்த வீட்டோடு நின்றுபோகிறது. ஆகவே மகன்கள் மட்டுமே உள்ள தாய்மாரிடம் முதலில் கேட்க வேண்டும்: அவர்கள் கிளை, அவர்களுடைய அம்மா பிறந்த ஊர், அந்த அம்மாவின் அம்மா வந்த ஊர். திருச்சுழி வட்டாரத்தில் எண்பது வயதுப் பெண்கள் மூன்று நான்கு தலைமுறைக்கு இதைத் தடங்கலின்றிச் சொல்கிறார்கள். அவர்களுடைய மருமகள்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் தெரிவதில்லை.