இலங்கைக் கனிப்பொருளும் இரசாயனத் தராசும்

பொகவந்தலாவையில் நிறுவை என்ற சொல்லைக் கேட்டதும் கொழுந்து மடுவமே நினைவுக்கு வரும். கூடையின் பாரத்துக்கும் இலையில் ஒட்டிய ஈரத்துக்குமென ஓரளவைக் கழித்து, எஞ்சியதே தொழிலாளியின் பெயருக்கு நேரே எழுதப்படும். ஈரக்கழிவு பெரும்பாலும் கண்மதிப்பினாலாயது. ஆதலின் அதுபற்றிய மனத்தாங்கலும் தோட்டப்புறங்களில் நெடுநாளையது. அதே பள்ளத்தாக்கில் நிறையை நம்பிய தொழில் மற்றொன்றும் உண்டு. மாணிக்கக் குழிகளிலிருந்து அள்ளிய ‘இல்லம்’ என்னும் பரலைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அலசுவர். இலேசான மணல் நீரோடு செல்ல, பாரமான கற்கள் அடியில் தங்கும்.

பொகவந்தலாவையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து தெற்கே இறங்கினால் பலாங்கொடைப் பகுதியை அடையலாம். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பகுதியில் அலசிய கூடைகளின் அடியிற் கருநிறமான சிறு கனசதுரப் பளிங்குகள் சில தங்கின. நீரைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேலான அடர்த்தியுள்ள அவை, மாணிக்கம் தேடியவர்க்கு வெறுங் கற்களே. அவற்றைப் பொருட்படுத்தி ஆராய்ந்தவர், அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதல் தலைவராயிருந்த ஆனந்தக் குமாரசுவாமி ஆவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய் 1877 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த அவரைக் கலைத்திறனாய்வாளராகவே நாம் போற்றுகின்றோம். புவிச்சரிதவியலில் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர் என்பதை மறந்துவிடுகின்றோம்.

கருநிறத்தையும் பாரத்தையும் கொண்டு அக்கற்கள் யுரேனினைற்று என்றே முதலில் எண்ணப்பட்டன. கண்ணும் கையும் அவ்வளவே சொல்ல வல்லன. எஞ்சியதை இரசாயனத் தராசே சொல்லவேண்டியிருந்தது. 1904 இல் இலண்டன் இம்பீரியல் நிலையத்தில் விந்தாம் டன்ஸ்டனும் அவர் துணைவரும் நிகழ்த்திய பகுப்பிற் கல்லின் நிறையில் ஏறக்குறைய முக்காற்பங்கு தோரியம் ஒட்சைட்டு எனத் தெரியவந்தது. யுரேனியம் ஒட்சைட்டோ எட்டிலொரு பங்களவே. இதுவரை அறியப்படாத கனிப்பொருளாகிய அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டனர்.

நிறையறி பகுப்பின் முறை சொல்வதற்கு எளிது; செய்வதற்கு அரிது. கல்லைப் பொடித்து நிறுத்து, நைத்திரிக்கமிலத்திற் கரைத்து, அளவான அமிலத்தன்மையோடு ஒட்சாலிக்கமிலம் சேர்த்தால் தோரியம் வெண்ணிற ஒட்சலேற்றாக வீழ்படியும். யுரேனியம் கரைசலிலேயே நிற்கும். சீரியம் முதலிய அருமண் மூலகங்களும் உடன் வீழுமாதலின் அவற்றைத் தனியே நீக்கவேண்டும். வீழ்படிவைச் சாம்பரற்ற வடிதாளில் வடித்து, கழுவி, புடக்குகையிலிட்டுச் செஞ்சூட்டில் எரித்து, ஈரமுறிஞ்சா வண்ணம் உலர்த்தியிற் குளிரவைத்து நிறுப்பர். மீண்டும் சூடாக்கி மீண்டும் நிறுப்பர். அடுத்தடுத்த இரு நிறுவைகளும் ஒத்துவரும்வரை முடிவு எழுதுவதில்லை. ஈரம் போயிற்றா என்ற கேள்விக்கு இங்கே கண்மதிப்பு விடையாகாது.

மாறா நிறை வரும்வரை சூடாக்கும் இவ்வொழுக்கத்தை நிலைநாட்டியவருள் முதன்மையானவர் ஜேர்மனியரான கிளாப்புரோத்து. பகுப்பிற் கிடைத்த கூறுகளின் கூட்டுத்தொகை நூற்றுக்குக் குறையின், குறையை மறைக்காது எழுதும் நேர்மையும் அவரால் வழக்காயிற்று. 1789 இல் யுரேனியத்தைக் கண்டவரும் அவரே. அவருக்குப்பின் இக்கலையை உயர்த்திய சுவீடன் நாட்டு பேர்சீலியசு 1829 இல் தோரியத்தைக் கண்டார். பலாங்கொடைக் கல்லின் இரு முதன்மை மூலகங்களும் தராசைத் திருத்திய இருவராலேயே உலகுக்கு அறிமுகமாயின என்பது மாணாக்கர் நினைவிற்கொள்ளத் தக்கது.

பெயரிட்ட மறு ஆண்டிலேயே தராசின் வலிமைக்கு எல்லை காட்டியதும் இக்கல்லே. இலண்டனில் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பயின்ற ஓட்டோ ஹான் என்னும் இளைஞர், தோரியனைற்றிலிருந்து பெற்ற பேரியம் உப்பிலே இரேடியத்தைப் பிரிக்க முயன்றார். அப்போது தோரியத்தினும் மிகுந்த கதிர்த்தொழிற்பாடுடைய புதுப்பொருளொன்று தென்பட்டது. இரேடியோதோரியம் எனப்பட்ட அது நிறுக்கமுடியாத நுண்ணளவினது. அதன் கதிர்களைக் கொண்டே அதன் இருப்பு அறியப்பட்டது. பின்னர், தோரியத்தோடு கலந்த அதனை எவ்விரசாயன முறையாலும் பிரிக்க இயலவில்லை. வீழ்படிவிலும் வடிநீரிலும் அவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டகலாதன.

இப்புதிருக்கு விடைகூறியவர் பிரெடெரிக் சொடி. இரசாயன இயல்பில் ஒன்றாயும் அணுநிறையில் வேறாயும் உள்ள அணுக்கள் ஒரே மூலகத்துக்கு உண்டு என்று 1913 இல் அவர் கூறினார். சமதானிகள் என நாம் படிப்பவை இவையே. கூற்று உண்மையாயின் அதற்குச் சான்று நிறுவையிலேயே கிடைத்தல் வேண்டும். தோரியம் சிதைந்து முடிவில் எய்தும் ஈயத்தின் அணுநிறை 208 ஆகவும், யுரேனியம் எய்துவது 206 ஆகவும் இருத்தல் வேண்டும். சாதாரண ஈயமோ 207.2.

1914 இல் ஹாவட் பல்கலைக்கழகத்தில் இரிச்சர்ட்ஸும் இலெம்பேட்டும் பல நாட்டுக் கதிர்த்தொழிற்பாட்டுக் கனிப்பொருள்களின் ஈயத்தை நிறுத்தனர். இலங்கைத் தோரியனைற்றின் ஈயம் 206.82 எனக் கிடைத்தது. தோரியம் மிகுந்த கல்லிலிருந்து இலேசான ஈயம் வந்தது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். ஆனால் யுரேனியம் தோரியத்தினும் விரைந்து சிதைவது; கல்லிலுள்ள யுரேனியம் அளித்த ஈயமே மிகுதியாயிருந்தது. ஆகவே யுரேனியம் மிகக் குறைந்த இன்னொரு இலங்கைக் கனிப்பொருளாகிய தோரைற்றைச் சொடி தெரிந்தெடுத்தார். ஹைமனுடன் சேர்ந்து அவ்வாண்டிலேயே அவர் பெற்ற எண் 208.4, கிடைத்த ஈயம் சிறிதாகையால் அதிற் பிழைக்கு இடமிருந்தது. பின்னர் மிகுதியான ஈயத்தைச் சேர்த்து அடர்த்தியை அளந்தார். சாதாரண ஈயத்தினும் அது நூற்றுக்கு 0.26 பங்கு மிகுந்திருந்தது. அதே ஈயத்தை ஒட்டோ ஹொனிக்சிமிட் ஆராய்ந்து 207.77 என்ற அணுநிறையைப் பெற்றார்.

இவ்வகை ஆய்வு வகுப்பறைச் செய்முறை போன்றதன்று. தூய ஈயக் குளோரைட்டைக் கரைத்து வெள்ளி நைத்திரேற்றுச் சேர்க்க, வெள்ளிக் குளோரைட்டு வீழ்படியும். ஒளிபட்டால் அது கருகுமாதலின் வேலை மங்கிய செவ்வொளியில் நடைபெறும். கழுவும் நீரிற் கரைந்துபோன சொற்பத்தையும் கலங்கலின் அளவுகொண்டு கணித்துச் சேர்ப்பர். காற்றின் மிதப்புவிசைக்கும் திருத்தம் உண்டு. இத்தனையும் 207.2 இற்கும் 207.77 இற்குமிடையில் உள்ள, நூற்றுக்கு மூன்றிலொரு பங்கினும் குறைந்த வேறுபாட்டின் பொருட்டே. உலர்த்தியின் மூடியை ஒருமுறை சரிவர மூடாது விட்டாலும் எங்கள் மாணாக்கரின் செய்முறைப் புத்தகத்தில் இதனினும் பெரிய பிழை புகுந்துவிடும்.

சொடிக்கு 1921 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசு கிடைத்தது. அவர் நிறுத்த ஈயம் இலங்கையது என்பதை நம் மாணாக்கர் பலர் அறியார். குமாரசுவாமியோ 1917 இற் பொஸ்தன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியேற்று, 1947 இல் மறையும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார். இலங்கைத் தோரியனைற்றின் ஈயம் நிறுக்கப்பட்ட இரிச்சர்ட்ஸின் ஆய்வுகூடம், அக்காட்சிச்சாலைக்குச் சாள்ஸ் ஆற்றின் மறுகரையில் இருந்தது.