படம் பத்திரமான கதை: மன்னார்க் கரையின் கலியாண ஸ்ரூடியோக்கள்

மன்னாரில பல வீடுகளில கலியாண அல்பம் ஷோகேசில இருக்காது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஐ.சி. கொப்பி எல்லாம் கிடக்கிற பைக்குள்ளதான் அதுவும் கிடக்கும். ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் தூக்குகிற பை அது. கலியாணப் படம் எப்படி அந்தப் பைக்குள் போனது? எங்கட கரையில் ஒரு படம் பத்திரமாக மாறின கதை அது. அந்தப் பத்திரத்தை எழுதித் தந்தவர் நொத்தாரிசு இல்லை, சந்தியில் கடை வைத்திருந்த ஸ்ரூடியோக்காரர்.

படம் பிடிக்கிற முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதுக்குப் பிறகு கனகாலம் இலங்கையில் காசு கொடுத்துக் கமராவுக்கு முன்னால இருந்தது வெள்ளைக்காரத் துரைமாரும் வசதியான குடும்பங்களும்தான். மற்றவர்களும் படத்தில் விழுந்தார்கள், ஆனால் பெயரில்லாமல். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் மாதிரியான ஸ்ரூடியோக்கள் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டையாக அடித்து விற்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படங்களில் மன்னார்க் கரையைத் தேடினால் கிடைப்பது முத்துக்குளிப்பு: வள்ளங்கள், சிப்பிக் குவியல், இடுப்பில் துணியோடு சுழியோடிகள். கீழே 'முத்துக்குளிப்பவர்கள்' என்று இருக்கும். ஆருடைய பிள்ளை, எந்த ஊர் என்று இருக்காது.

ஸ்ரூடியோ சனத்துக்குக் கிட்ட வந்தபோது மாறினது இதுதான். யாழ்ப்பாணத்தில் எஸ். கே. லோட்டன் என்ற தமிழர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தத் தொழிலைச் செய்தவர். பிறகு மெல்ல மெல்லச் சின்னப் பட்டினங்களுக்கும் கடைகள் வந்தன. இப்ப படம் எடுக்கச் சொல்கிறவரும் படத்தில் நிற்கிறவரும் ஒரே ஆள். என்ன உடுக்கிறது, ஆருக்குப் பக்கத்தில் நிற்கிறது, எந்தத் திரைக்கு முன்னால நிற்கிறது என்று அவரே சொல்லலாம். அப்படித் தாங்களே கேட்டு எடுத்த முதல் படம் கனபேருக்குக் கலியாணப் படமாகத்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளைக் காலத்துக் கலியாணத்தில் ஸ்ரூடியோக்காரர் கையில் இருந்தது பெரும்பாலும் 120 றோல் போடுகிற கமரா. சதுரப் படம் என்றால் ஒரு றோலில் 12 படம். இன்றைக்கு ஒரு மாலை மாற்றலுக்கே 200 படம் எடுக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு விளங்காது. தாலி கட்டு ஒண்டு, மோதிரம் ஒண்டு, கையெழுத்து ஒண்டு, தாய் தகப்பனோட ஒண்டு, மாப்பிள்ளை பக்கம் ஒண்டு, பொம்பிளை பக்கம் ஒண்டு. ஆரையும் விட்டால் அது பத்து வருசச் சண்டை. அதனால் ஸ்ரூடியோக்காரருக்குக் கமராவோடு சேர்த்து ஊரின் உறவுமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஆர் பெரியம்மா, ஆரோட ஆர் கதையில்லை, ஆரை முன்வரிசையில் இருத்தவேணும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

படம் எடுத்த பிறகும் வேலை கிடந்தது. இருட்டறையில் கழுவி, நெகட்டிவில் கூர்ப் பென்சிலால் முகத்துத் தழும்பை மறைத்து, அச்சிட்ட படத்தில் சிலவேளை தூரிகையால் சேலைக்கும் உதட்டுக்கும் நிறம் பூசுவார்கள். கடைசியில் வீட்டுக்குப் போவது படம். கடையில் நிற்பது நெகட்டிவ், ஒரு தாள் உறைக்குள், இலக்கத்தோடு. அந்த இலக்கமும் பெயரும் திகதியும் ஒரு கொப்பியில் ஏறும். பிறகு கொப்பி கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் வருசக்கணக்காகச் சேர்ந்தபோது அது ஊரின் பதிவேடாகிவிட்டது. ஆரும் அதை அந்தப் பெயரில் கூப்பிடவில்லை.

மன்னாரில் இந்தத் தொழிலுக்கு ஒரு தனி நாட்காட்டியும் உண்டு. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் கலியாணம் அருமை. ஆடியிலும் மார்கழியிலும் சைவர் வீட்டில் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் இல்லை. மூன்று சமூகமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிற தீவில் ஒருவருடைய ஓய்வு மாதம் இன்னொருவருடைய கலியாண மாதம். கோயில் பீடத்துக்கு முன்னால எப்படி நிற்கவேணும், மணவறையில் எந்தப் பக்கம், நிக்காஹ் வீட்டில் எதுவரை போகலாம் என்று மூன்று ஒழுங்கும் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? ஸ்ரூடியோக்காரர் அதில் ஒருவர்.

கலியாணமில்லாத நாட்களில் அடுப்பு எரிந்தது ஐ.சி. படத்தால். ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது, அடையாள அட்டை 1972இலிருந்து கொடுக்கப்பட்டது. முகம் ஒரு அரச ஆவணமானது. போர் வந்த பிறகு அட்டை இல்லாமல் வெளிக்கிட முடியாது என்ற நிலை. ஒரே கதிரை, ஒரே திரை. காலையில் சோதனைச் சாவடிக்கான முகம், பின்னேரம் மணமக்கள்.

1990 இரண்டையும் குலைத்தது. அந்த ஆண்டு ரயில் நின்றது, தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் உடைந்தது. ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், மன்னார் நகரம் என்று தீவிலிருந்து போனவர்கள் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். கொஞ்சப் பணமும் கையில் தூக்கக்கூடிய சாமானும்தான். திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை, வீட்டுக்குள் இருந்த அல்பத்தைப் பற்றி என்ன கதைக்கிறது? பறித்த காணிக்கு உறுதியைக் காட்டி வழக்காடலாம். பறிபோன கலியாணப் படத்துக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. இதைத் தமிழ் இளைஞர்கள் நாங்கள் எங்கட வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதவேணும், அடிக்குறிப்பாக இல்லை.

அதே காலத்தில் கலியாணப் படத்துக்கு ஒரு புதுப் பார்வையாளர் வந்தார்: விசா அதிகாரி. அகதியாகப் போன மாப்பிள்ளை நாட்டுக்குத் திரும்ப ஏலாது. அதனால் திருச்சியிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ கலியாணம், ஊரில் நிற்கிற தாய் தகப்பனுக்கு வீடியோ கசற். பிறகு ஸ்பொன்சர். கனடா மாதிரி நாடுகள் உறவு உண்மையானது என்பதற்குக் கேட்கிற ஆதாரங்களில் கலியாணப் படங்களும் உண்டு. இரண்டு பக்கச் சொந்தமும் தெரியவேணும், கையெழுத்து வைக்கிறது தெரியவேணும், முகம் மறையக்கூடாது. பெரியம்மாவைத் திருப்திப்படுத்த எடுத்த குழுப்படம் இப்ப ஆயிரக்கணக்கான மைலுக்கு அங்கால இருக்கிற ஒரு மேசையைத் திருப்திப்படுத்த வேண்டியதாயிற்று.

படமே இல்லாத கலியாணங்களும் நடந்தன. இறுதிப் போர் நேரத்தில் வன்னியில், கலியாணம் முடித்தவர்களை இயக்கம் கட்டாயமாகச் சேர்க்காது என்ற நம்பிக்கையில் அவசரம் அவசரமாகப் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். சிலருக்குப் பதினெட்டும் ஆகவில்லை. பதிவும் இல்லை, படமும் இல்லை. 2007, 2008இல் மன்னார்ப் பெருநிலத்திலிருந்து இடம்பெயரத் தொடங்கிய குடும்பங்கள் முள்ளிவாய்க்கால் வரை போனபோது, அந்தப் பெண்களில் பலர் கைம்பெண்களானார்கள். இழப்பீட்டுக்கோ பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கோ போனால் முதல் கேள்வி: 'கலியாணம் நடந்ததுக்கு என்ன அத்தாட்சி?'

2009க்குப் பிறகு கலியாணப் படம் தெருவுக்கு வந்தது. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோதும், 2017இலிருந்து வடக்கில் தாய்மார் தொடர் போராட்டத்தில் இருந்தபோதும், 2018 மே மாதம் காணாமல் போனோர் அலுவலகம் மன்னாரில் மக்களைச் சந்தித்தபோதும் கையில் இருந்தவை படங்கள். அவற்றை உற்றுப் பார்த்தால் சில ஐ.சி. படத்தைப் பெரிதாக்கியவை. சில கலியாணப் படத்திலிருந்து வெட்டியவை: கோட், கழுத்தில் மாலை, தோளோரம் பொம்பிளையின் சேலைக் கரை. அவரைக் கடைசியாக ஒழுங்காக ஆரோ பார்த்து எடுத்த படம் அதுதான். ஸ்ரூடியோக்காரர் மாலையை நேராக்கி, 'கொஞ்சம் நிமிருங்கோ' என்று சொல்லி எடுத்த அந்த ஒரு படம்தான் இப்ப அரசிடம் காட்டுகிற சாட்சி.

அப்படியென்றால் கடைகளில் மிஞ்சியிருக்கிற நெகட்டிவ் பெட்டிகள் என்ன ஆகின்றன? உப்புக் காற்றிலும் வெக்கையிலும் பழைய ஃபிலிம் தானாகவே அழியும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம் அடிக்கிறதென்றால் அழிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடை கைமாறினால் பெட்டி குப்பைக்கு. டிஜிட்டல் இதற்கு மருந்து என்று நினைக்க வேண்டாம். பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில், கோட்டையில் எடுக்கிற ப்ரீ ஷூட் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. அது பழுதானால் ஒரே நாளில் ஐந்நூறு கலியாணம் போகும்.

மற்ற இடங்களில் செய்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோப் படங்களை எண்மப்படுத்தியது. போரில் சிதைந்த பெய்ரூட்டில் 1997இல் அரபுப் படிம நிறுவனம் தொடங்கி, சைடா நகரத்து ஹாஷெம் எல் மதானியின் ஸ்ரூடியோ மாதிரியான சேகரிப்புகளைக் காத்தது. மதானி சொன்ன ஒரு கதை உண்டு. மனைவி தனக்குச் சொல்லாமல் படம் எடுத்ததை அறிந்த ஒரு கணவன், அவளுடைய நெகட்டிவ்களை ஊசியால் கீற வைத்தான். வருசங்கள் கழித்து அவள் தனக்குத் தீ வைத்து இறந்த பிறகு, அவனே திரும்பி வந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தரச் சொன்னான். நெகட்டிவ் கடையில் இருந்ததால்தான் அவளுடைய முகம் கீறலோடாவது மிஞ்சியது.

அந்தக் கதையில் எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கு. இந்தப் படங்கள் ஆரோ ஒருவரின் அந்தரங்கம். காப்பாற்றுவது வேறு, பேஸ்புக்கில் போடுவது வேறு. ஸ்கான் செய்து வைக்கலாம், ஆனால் படத்தில் இருப்பவரையோ குடும்பத்தையோ கேட்காமல் வெளியில் விடக்கூடாது.

தொடங்குவது கஷ்டமில்லை. ஊரில் பழைய ஸ்ரூடியோக்காரர் இருந்தால் போய்க் கதையுங்கோ, நெகட்டிவ் பெட்டியோடு அந்த இலக்கக் கொப்பியையும் கேளுங்கோ. கொப்பி இல்லாத நெகட்டிவ் திரும்பவும் பெயரில்லாத முத்துக்குளிப்பவர்தான். வீட்டு அல்பத்தை அம்மம்மாவோடு இருந்து புரட்டி, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஆர், எந்த ஊர், எந்த வருசம் என்று எழுதுங்கோ. பென்சிலால் மெல்ல எழுதுங்கோ. பேனை மை முன்பக்கம் ஊறும்.