தொட்டால் ஆறும்!

சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு பாதி சிவன், மறு பாதி விஷ்ணுவாக ஒரே உருவில் நிற்கும் சங்கரநாராயணரைத் தரிசித்திருப்பீர்கள். ஆடித்தபசு நேரமாக இருந்தால், கூட்டத்தில் நசுங்கி, கோமதி அம்மனை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து விழுந்திருப்பீர்கள். திரும்பும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்திருக்குமே... ஆம், புற்றுமண்!

சொறி, சிரங்கு, படை... எது வந்தாலும் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் போய்விடும் என்பது தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த மண்ணைப் பூசுவது யார்? உடம்பெல்லாம் சிரங்கு வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். வீட்டிலேயே தனித் தட்டு, தனித் துண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல் தலையிலிருந்து கால் வரை தடவி விடுகிறாளே ஒரு தாய்... குணமாவதில் மண்ணின் பங்கு எவ்வளவு, அந்தக் கையின் பங்கு எவ்வளவு?

கை வைத்து நோய் நீக்குவது நமக்குப் புதிதா என்ன! சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால், இதெல்லாம் முழுசாக இருக்கும் உடம்புக்கு. கத்தி பட்ட உடம்புக்கு? ஆபரேஷன் முடிந்து, தையல் போட்டு, பிளாஸ்டர் சுற்றிய உடம்பைத் தடவிக் கொடுக்கலாமா? அதனால் பயன் உண்டா?

இதற்குப் பதில் சொல்லத் தமிழ்நாட்டிலேயே ஓர் அசத்தலான கதை இருக்கிறது. வாருங்கள், முதலில் கொல்லிமலைக்கு ஏறுவோம்!

கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். மலைவாழ் மக்களின் புண்ணுக்கெல்லாம் மருந்து போடுபவர் அவருடைய அப்பா. ஒருநாள் தொழுநோயாளிகள் வந்தபோது மட்டும் குழந்தைகளை ‘கிட்டே வராதே’ என்று தடுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டார். குட்டிப் பையன் மனதில் அந்தக் காட்சி அப்படியே பதிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மருந்து போடுபவருக்கே பயம்!

பையன் இங்கிலாந்தில் சர்ஜரி படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு டாக்டராகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு, செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க அழைத்தார் அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன். விரல்கள் மடங்கி, கழுகின் நகம் போல வளைந்து கிடந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, ‘அமுக்குங்கள் பார்க்கலாம்’ என்றார் பிராண்ட். அமுக்கினார் பாருங்கள்... டாக்டருக்கு வலி தாங்கவில்லை!

பிராண்டுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். ‘செத்துப்போன கை’ என்று ஊரே ஒதுக்கிய கைக்கு இத்தனை பலமா? காரணம் இதுதான். தொழுநோய் முழங்கை அருகே ஓடும் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையிலுள்ள சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. விரல் மடங்கிவிடுகிறது. ஆனால், முன்னங்கைத் தசைகள் பல நன்றாகவே இருக்கும். அப்படியானால், நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, முடங்கிய விரலுக்குத் திருப்பிக் கட்டினால் என்ன? 1948-ல் வேலூரில் அந்த ஆபரேஷன்களை ஆரம்பித்தார் பிராண்ட்.

அந்தக் காலத்தில் நடந்ததாக அவரே எழுதிய ஒரு சம்பவம். புதிதாக வந்த ஒரு தொழுநோயாளியின் தோளில் கை போட்டபடி, என்ன சிகிச்சை என்று விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். ‘தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா?’ என்று பதறிப்போய், மொழிபெயர்க்கக் கூட நின்ற பெண்மணியிடம் கேட்டார். கிடைத்த பதில்: நீங்கள் தோளைத் தொட்டதால்தான் அழுகிறார். பல வருஷமாக அவரை யாருமே தொட்டதில்லையாம்!

மருந்து இல்லை, ஊசி இல்லை... தோளில் ஒரு கை, அவ்வளவுதான்!

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். நாணை மாற்றிக் கட்டியதும் வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். சுமார் மூன்று வாரம் பிளாஸ்டர். பிரித்துப் பார்த்தால் தோல் வறண்டு, விரல் விறைத்து, கை வீங்கிக் கிடக்கும். எண்ணெய் தொட்டு, மெல்ல மெல்ல நீவி, மூட்டு மூட்டாக இளக வைக்க வேண்டும். மாற்றிக் கட்டிய தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். இதற்காக வேலூரில் வந்து சேர்ந்தவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண நோயாளி, அழுத்தம் கூடினால் ‘ஐயோ, வலிக்குது’ என்று கத்துவார். தொழுநோயாளியின் கைக்கு வலியே தெரியாது! தையல் பிரிந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே நீவி விடுபவரின் விரல்கள்தான், தோலின் சூட்டையும் வீக்கத்தையும் வைத்து, ‘போதும், நிறுத்து’ என்று கண்டுபிடிக்க வேண்டும். நோயாளிக்குப் பதிலாக இன்னொருவரின் கை உணர்கிறது!

கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து பிராண்டிடம் புகார் சொன்னார்கள். என்னவென்று? ‘இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை. தொழுநோய் வந்தவன் என்று வேலையும் கொடுப்பதில்லை!’ கையைச் சரிசெய்தால் போதாது என்பது டாக்டருக்கு உறைத்தது. வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ பிறந்தது. அங்கே குணமான கைகள் தச்சு வேலை கற்றன, மர பொம்மைகள் செய்தன.

‘பிசியோதெரபிஸ்ட்’ என்றேனே, அந்தத் தொழில் பிறந்த கதையும் சுவாரஸ்யமானதுதான். 1894-ல் இங்கிலாந்தில் மசாஜ் என்ற பெயரில் தகாத விடுதிகள் நடப்பதாக ஒரே அமளி. ‘எங்கள் தொழிலின் மானம் போகிறதே’ என்று கொதித்த நான்கு நர்ஸ்கள், முறையாகப் பயின்று பரீட்சை எழுதிய மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு வந்தது முதல் உலகப்போர். குண்டடிபட்டு ஆபரேஷன் ஆன ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் கைகால்களை நீவி நிமிர்த்தியவர்கள் இப்படிப்பட்ட பெண்கள்தான். 1920-ல் சங்கத்துக்கு அரச சாசனமே கிடைத்தது. 1944-ல் பிசியோதெரபி சங்கம் என்று பெயர் மாறியது. இன்று மெஷினும் கையுமாக நிற்கும் இந்தத் துறைக்கு மசாஜ்தான் தாய்வீடு!

‘பழைய கதை இருக்கட்டும், நிரூபணம் உண்டா?’ என்கிறீர்களா? உண்டு. அமெரிக்காவில் பெரிய ஆபரேஷன் முடிந்த 605 முன்னாள் ராணுவத்தினரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆறுதலான துணை. மூன்றாவது பிரிவினருக்கு மாலைதோறும் இருபது நிமிடம் முதுகை மெல்லத் தடவி மசாஜ். முதல் நான்கு நாட்களில் மசாஜ் பிரிவினருக்கு வலி வேகமாகக் குறைந்தது. பதற்றமும் அப்போதைக்குத் தணிந்தது. ஆனால், வலி மருந்தின் அளவோ, ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களோ குறையவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். ஆக, தடவிக் கொடுப்பது மருந்துக்கு மாற்று இல்லை, துணை!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆபரேஷன் முடிந்து படுத்தே கிடப்பவரின் கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். ‘கெண்டைக்கால் வலிக்குதும்மா’ என்று அவர் சொன்னதும், பாசத்தோடு நாம் பிடித்து அமுக்கினால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைத்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடவே கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தையல் போட்ட இடத்தின் பக்கமும் போகாதீர்கள். எங்கே தொடலாம், எப்போது தொடலாம் என்று முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாசத்துக்கும் பர்மிஷன் வேண்டும்!

அனுமதி கிடைத்ததா? அப்புறம் என்ன... ஆபரேஷன் ஆன அம்மாவைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, செல்போனை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் உள்ளங்கையை எடுத்து உங்கள் மடியில் வைத்து மெதுவாகத் தடவிக் கொடுங்கள். ஒருகாலத்தில் புற்றுமண்ணைக் குழைத்து உங்கள் சிரங்குக்குப் பூசிவிட்ட கை அதுவாகக்கூட இருக்கலாம்!