சின்னாளப்பட்டிச் சேலை

நூலென்றால் உயிரை விடும் தோழி ஒரு சனிக்கிழமை திண்டுக்கல் வந்தாள். மதுரைச் சாலையில் சின்னாளப்பட்டிக்குக் கூட்டிப்போனேன். கன்னடம் பேசும் தேவாங்கர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்ட ஊர். அசல் பட்டு எட்டாத வீடுகளின் கல்யாணத்துக்கு இந்த ஊர்ச் செயற்கைப் பட்டுதான் கைகொடுத்தது. அதை மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

இங்கே சுங்குடியும் உண்டு. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழும். சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். தோழி ஒரு புள்ளியைத் தடவினாள். நடுவே துணி இன்னும் கூம்பியிருந்தது.

பக்கத்திலேயே காந்திகிராமம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-இல் தொடங்கியது. சுற்றுப்பட்டிப் பெண்களுக்கு வைத்தியமும் கதர் வேலையும் அங்கே கிடைத்தன.