ரங்கூன் தபால் வந்த வழி

கடிதத்தை நம்பியே வட்டிக்கடை நடத்தியவர்கள் நகரத்தார் என்னும் செட்டியார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஏஜெண்டு, பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார். அதுவரை ஐந்தொகைக் கணக்கும், பணம் அனுப்பிய உண்டியல் விவரமும், வீட்டுச் செய்தியும் தபாலில்தான் வந்தாக வேண்டும்.

கடல்வழியில் குறையில்லை. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி 1856இல் முளைத்ததே கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் சுமக்கத்தான். ரங்கூனிலிருந்து சென்னைக்கு நாலைந்து நாளில் பை வந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல்.

மதுரைக்கு 1875இலேயே ரயில் வந்துவிட்டது. 1902இல் மானாமதுரை வழியாக மண்டபம் வரை தண்டவாளம் நீண்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயில் இலங்கைத் தபாலைத் தலைமன்னார்க் கப்பலில் சேர்த்தது. ஆனால் நகரத்தார் ஊர்களான காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் இந்தப் பாதையை விட்டுத் தள்ளியே கிடந்தன. அங்கெல்லாம் தபால் வந்தது சாலைவழிதான். ரயில் எட்டாத ஊர்களில் சலங்கை கட்டிய ஈட்டியோடு பை தூக்கி ஓடிய ரன்னர், மாட்டுவண்டி, குதிரைவண்டி, பிற்பாடு பஸ். கப்பலும் ரயிலும் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் செம்மண் சாலையில் கரைந்தது. பர்மாவிலிருந்து தேக்கும் பணமும் குவிந்த சீமைக்கு ரயில் இத்தனை தாமதித்தது நியாயமே இல்லை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் ரயில் வந்தது. மறு ஆண்டு அது காரைக்குடியைத் தொட்டு மானாமதுரையில் போய்ச் சேர்ந்தது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம். தபால் பை இனி ரயிலிலேயே ஊருக்கு வந்துவிடும்.

வந்த பையில் நல்ல செய்தி குறைந்துகொண்டே போனது. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் வட்டிக்கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம், 1930களின் பிற்பகுதிக்குள் 25ஐத் தொட்டது. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய முதல் மண்ணில் முடங்கியது. ஐந்தொகை வேகமாக வந்து என்ன பயன்?

தபால் மட்டும் இன்னும் வேகம் பிடித்தது. 1932 அக்டோபரில் டாட்டாவின் விமானத் தபால் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1938இல் திருச்சி வழியே கொழும்புக்கும் பறந்தது. நாலே வருடத்தில், 1942 மார்ச்சில், ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏராளமானோர் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியா வந்தார்கள். பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களின் கடிதத்துக்கு எந்த வண்டியும் இல்லை.

இலங்கைத் தபால் சென்ற தனுஷ்கோடிப் பாதையை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனது. அதன் பிறகு போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது.